சந்தை ஊரில் மாநாடா? கடைசி இருபது கிலோமீட்டரை முதலில் பாருங்கள்

மாநாட்டுக்கு அழைப்பு வந்ததும் பெரும்பாலோர் முதலில் விமானச் சீட்டுதான் தேடுகிறார்கள். மாநாடு பெருநகரத்தில் நடந்தால் அதில் தவறில்லை. இறங்கிய பிறகு எப்படியும் ஒரு வண்டி கிடைத்துவிடும். ஆனால் வாரம் ஒருமுறை சந்தை கூடுகிற, சுற்றிலும் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கிற சிற்றூரில் நடந்தால் சீட்டு எடுப்பதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வருவது எளிது. ரயிலடியிலிருந்து அரங்க வாசல் வரை உள்ள இருபது கிலோமீட்டர்தான் ஆளை நிறுத்திவிடும்.

நான் முதன்முறை இப்படி ஓர் ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன். விமானம் நேரத்துக்கு வந்தது, ரயிலும் நேரத்துக்கு வந்தது. கிளைப்பாதை பிரியும் நிலையத்தில் இறங்கி பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த வழியில் பஸ்ஸே இல்லை என்று தெரிந்தது. அரங்கம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. என் உரையோ மறுநாள் காலை முதல் அமர்வில். பக்கத்து ஊரிலிருந்து டாக்ஸி வரவழைத்துப் போய்ச் சேரும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. முதல் முறை போகிறவர்கள் யாரும் அந்த நிறுத்தத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வாசல் எங்கே இருக்கிறது?

அழைப்பிதழில் உள்ள முகவரி அஞ்சல்காரருக்கு எழுதப்பட்டது, பயணிக்கு அல்ல. நாட்டுப்புறத்தில் இந்த வித்தியாசம் பெரிது. ஹே-ஆன்-வை என்ற சந்தை ஊரைப் பாருங்கள். 1988 முதல் நடக்கும் இலக்கிய விழாவால் உலகமே அறிந்த ஊர். இருப்பது வேல்ஸில். ஆனால் அதன் அஞ்சல் முகவரியில் எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் உள்ள ஹெர்ஃபோர்டு நகரத்தின் பெயர் வரும். அந்தப் பெயரை மட்டும் நம்பி ஹெர்ஃபோர்டில் அறை எடுத்தால் விழாத் திடலுக்கும் உங்களுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது இன்னொரு கண்ணி. ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட் மேற்கே இருக்கிறது, ஓடர் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட் கிழக்கே போலந்து எல்லையில் இருக்கிறது. விமான நிலையப் பெயரையும் நம்ப முடியாது. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்ற நிலையம் மைன் கரை நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி உள்ளது. இவையெல்லாம் பெயர்பெற்ற இடங்கள் என்பதால் எச்சரிக்க ஆள் இருக்கிறது. சிற்றூர்களின் பெயர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் ஊர்ப் பெயரோடு மாவட்டம் அல்லது மாநிலப் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

பிறகு அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதி அரங்க வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், நீங்கள் கேட்டால் இன்னும் நாற்பது பேருக்கும் பதில் கிடைக்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய பதினோரு மீட்டர் துல்லியம், ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர். நான்கே போதும். முதலில் வருவது அட்சரேகை. மாற்றிப் போட்டால் வரைபடம் உங்களைக் கடலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நிறுத்தும். கிடைத்த எண்களை வரைபடத்தில் இட்டு, செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, வாசல் எந்தச் சாலையைப் பார்த்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பழைய மாளிகைகளும் வேளாண் கல்லூரி வளாகங்களும்தான் இத்தகைய ஊர்களில் பெரும்பாலும் மாநாட்டு இடங்கள். அவற்றுக்கு முன்வாயில் ஒரு சாலையிலும் வண்டி நுழையும் வாயில் வேறொரு சாலையிலும் இருப்பது சாதாரணம். இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் சுற்றுச்சுவர் இருக்கலாம்.

இரண்டாம் படி: எந்த ரயிலடி?

ஊரின் பெயர் தாங்கிய நிலையம் ஊருக்குள் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல ஊர்களுக்கு நிலையமே கிடையாது. ஹே-ஆன்-வைக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. 1962ஆம் ஆண்டின் கடைசியோடு பயணிகள் ரயில் நின்றது. இன்று ஹெர்ஃபோர்டில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கணினி அறிவியலாளர்கள் வாரந்தோறும் கூடுகிற ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மாளிகைக்குப் போகிறவர்கள் டியூர்கிஸ்மியூலெ போன்ற ஒரு சிறு நிலையத்தில் இறங்கி டாக்ஸியில் போகிறார்கள்.

நிலையங்களின் பெயரும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியில் லிண்டாவ் என்ற ஏரித் தீவு ஊரில் 1951 முதல் நோபல் அறிஞர்கள் கூடுகிறார்கள். மாநாட்டு அரங்கம் தீவில் இருக்கிறது. 2020 டிசம்பரில் தொலைதூர ரயில்கள் கரையிலுள்ள லிண்டாவ்-ரொய்டின் நிலையத்துக்கு மாறின. தீவுக்குள் இருந்த பழைய முதன்மை நிலையம் லிண்டாவ்-இன்செல் என்று பெயர் மாறி உள்ளூர் ரயில்களுக்கு ஆனது. 2015இல் போய்வந்த நண்பர் நல்ல மனதோடு சொல்லும் வழி இன்று உங்களைத் தவறான மேடையில் இறக்கிவிடும். பழைய மாநாட்டுக் குறிப்பேட்டில் உள்ள வழிகாட்டலுக்கும் இதே கதிதான். வழி சொல்கிறவரிடம் “எந்த வருடம் போனீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

ஒரே ஊரில் இரண்டு நிலையங்களும் இருக்கலாம். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் டோர்ஃப், பிளாட்ஸ் என இரண்டு உண்டு. அங்கே போக லாண்ட்குவார்ட் நிலையத்தில் பெரிய ரயிலை விட்டு இறங்கி மீட்டர் பாதை ரயிலில் ஏற வேண்டும். ஊர் வந்துவிட்டது என்று முதல் நிலையத்திலேயே இறங்குகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிவரும். அறை எதற்கு அருகில் என்பதை முன்பே பார்த்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் படி: கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

மொத்த வழிகாட்டியில் இதுதான் உயிர்நாடி. இங்கே நேரம் செலவிடுங்கள்.

நிலையத்திலிருந்து அரங்கத்துக்குப் போகும் பஸ்ஸின் கால அட்டவணையைத் தேடி எடுங்கள். வழிகாட்டும் செயலி காட்டுவதோடு நிற்க வேண்டாம், பஸ் நடத்துபவர்களே வெளியிடும் அட்டவணையைத் திறங்கள். அதில் நேரங்களைவிட அடிக்குறிப்புகளை முதலில் படியுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தோ நட்சத்திரமோ இருக்கும். “பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும்”, “சனிக்கிழமை இல்லை”, “சந்தை நாளில் மட்டும்” என்பதெல்லாம் அந்த நட்சத்திரத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். நாட்டுப்புற பஸ்கள் பல இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஓடுகின்றன. கோடை விடுமுறையில் பள்ளி மூடினால் பஸ்ஸும் நிற்கும். மாநாடுகள் அதிகம் நடப்பதும் அதே விடுமுறையில்தான்.

சில தடங்களில் நிலையான நேரமே இருக்காது. முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தால்தான் வண்டி வரும். அந்தத் தடத்தைச் செயலி சாதாரண பஸ் போலவே காட்டுவதும் உண்டு. “முன்பதிவு தேவை” என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எத்தனை மணி நேரம் முன்பு, எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கடைசி பஸ்ஸின் நேரம் தெரிந்ததும் அதைப் பிடிக்காதீர்கள். அதற்கு முந்தையதைப் பிடிக்கும்படி திட்டமிடுங்கள். இதன் கணக்கு எளிது. கால் மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் போவது கால் மணி. நாளுக்கு நான்கு வண்டி ஓடும் தடத்தில் மூன்று மணி நேரம் போகலாம். கடைசி வண்டியைத் தவறவிட்டால் ஓர் இரவே போய்விடும். அதனால் வண்டி மாறுகிற இடத்தில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை நடைமேடையின் நீளம் தீர்மானிப்பதில்லை, அடுத்த வண்டி எப்போது என்பதுதான் தீர்மானிக்கிறது. பெரிய நகரத்தில் பத்து நிமிடம் போதும். கிளைப்பாதை நிலையத்தில் நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து விடுவதில்லை.

இப்போது பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: அரங்கத்துக்குக் கடைசி பஸ் மாலை 5.50, அதற்கு முந்தையது 3.20. ஆகவே 2.20க்குள் ரயிலடியில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் வந்து சேரும் கிளைப்பாதை ரயில் பெருநகரத்தை விட்டு 11.40க்குக் கிளம்புகிறது. விமான நிலையத்திலிருந்து நகர ரயில் நிலையத்துக்கு ஒரு மணி நேரம், குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் ஒன்றரை மணி நேரம். அப்படியானால் விமானம் காலை 9 மணிக்குள் தரையிறங்க வேண்டும். இந்த எண்ணை எழுதி வைத்த பிறகு சீட்டுத் தேடுங்கள். காலை 9 மணிக்குள் வரும் விமானம் இல்லை என்றால் முதல் நாளே வந்து பெருநகரத்தில் ஓர் இரவு தங்குவது என்று இப்போதே முடிவு செய்யலாம். திட்டமிட்டுத் தங்கும் இரவும் மாட்டிக்கொண்டு தங்கும் இரவும் ஒன்றல்ல.

ரயிலுக்கு முடிந்தவரை தொடக்கம் முதல் கடைசி நிலையம் வரை ஒரே சீட்டாக எடுங்கள். இரண்டாகப் பிரித்து எடுத்தால் சில நேரம் மலிவாகும். ஆனால் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், தனித்தனிச் சீட்டு வைத்திருப்பவரின் இழப்பைப் பல இடங்களில் யாரும் ஏற்க மாட்டார்கள். சிற்றூர்ப் பயணத்தில் அந்த மலிவு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

டாக்ஸி பற்றி

சிற்றூரில் டாக்ஸி என்றால் இரண்டு மூன்று ஓட்டுநர்கள். கைபேசிச் செயலியில் வண்டி அழைக்கும் பழக்கத்தை நகரத்திலேயே விட்டுவிடுங்கள். செயலி திறக்கும், வரைபடம் காட்டும், வண்டி வராது. அந்த ஓட்டுநர்களுக்கும் காலையிலும் பிற்பகலிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நிரந்தர வேலை இருக்கும். அந்த நேரங்களில் யார் அழைத்தாலும் வர இயலாது. இரவு ஒன்பதுக்கு மேல் பலர் எடுப்பதே இல்லை.

ஆகவே ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். ரயில் வரும் நேரம், ரயில் எங்கிருந்து வருகிறது, உங்கள் பெயர், பெட்டிகள் எத்தனை, தொகை எவ்வளவு, பணமா அட்டையா எல்லாவற்றையும் பேசி முடியுங்கள். எங்கிருந்து வரும் ரயில் என்று சொன்னால் தாமதத்தை ஓட்டுநரே பார்த்துக்கொள்வார். கிளம்புகிற அன்று காலை மீண்டும் ஒரு முறை கூப்பிடுங்கள். அதே ரயிலில் மாநாட்டுக்கு வரும் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அமைப்பாளர்களிடம் கேட்டால் சேர்த்துவிடுவார்கள், செலவும் மூன்றில் ஒன்றாகும். என் நெருங்கிய ஆய்வு நட்புகளில் ஒன்று இப்படி ஒரு பின்னிருக்கையில் தொடங்கியது.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இந்தப் படியை எல்லோருக்கும் முன்பே தொடங்க வேண்டும். நாற்காலியோடு ஏறக்கூடிய டாக்ஸி சிற்றூரில் இல்லாமலே இருக்கலாம். தாழ்தள பஸ்ஸிலும் பெரும்பாலும் ஒரே ஓர் இடம்தான் இருக்கும். சிறு நிலையங்களில் மின்தூக்கி இருக்காது, எதிர் மேடைக்குப் போகப் படியேற வேண்டிவரும். வண்டி ஏற்பாட்டைச் செய்து தரும்படி அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அது சலுகை அல்ல, அழைத்தவர்களின் பொறுப்பு.

சந்தை நாள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாநாட்டு நாட்களில் ஒன்று சந்தை நாளாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தை நாளில் ஊரின் நடுச் சதுக்கத்தில் அதிகாலையிலேயே கடை போட்டுவிடுவார்கள். வழக்கமாக அங்கே நிற்கும் பஸ் அன்று வேறு தெருவில் நிற்கும். கம்பத்தில் கட்டிய ஒரு தாளில் மட்டும் அதைச் சொல்லியிருப்பார்கள். கார் நிறுத்தும் இடமும் சந்தைக்குப் போய்விடும். முதல் நாள் இரவு சதுக்கத்தில் நிறுத்திய வாடகைக் காரைக் காலையில் இழுத்துப் போயிருக்கக்கூடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சுற்றுக் கிராமங்களிலிருந்து வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஓடும் பஸ்கள் பல ஊர்களில் இருக்கின்றன. ஊருக்கு வெளியே கிராமத்து விடுதியில் தங்குகிறவர்களுக்கு அது வரம். ஆனால் அவை காலையில் ஊருக்கு வந்து மதியம் திரும்பிவிடும். அரங்கிலிருந்து மாலையில் திரும்ப அதை நம்பக் கூடாது.

கைபேசி அணைந்துபோனால்

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே போகும் சாலையில் சிக்னல் போய்ப் போய் வரும். அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அரங்கத்தின் பெயரை உள்ளூர் மொழியிலும் எழுத்திலும், விடுதியின் பெயரை அதேபோல், அமைப்பாளர் ஒருவரின் எண், டாக்ஸி எண், இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தைய இரண்டு நிறுத்தங்களின் பெயர் இவற்றை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நீங்கள் உச்சரிப்பது ஓட்டுநருக்குப் புரியாமல் போகலாம், எழுதிக் காட்டினால் புரியும். உள்ளூர்ப் பணமும் சில்லறையும் பெருநகரத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிறு கைவிளக்கும் இருக்கட்டும்.

நேரத்தை இருபத்து நான்கு மணிக் கணக்கில் எழுதுங்கள், தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்பது சில நாடுகளில் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மாநாட்டுக்கு வந்து சேரும் நாள் பெரும்பாலும் ஞாயிறு என்பதால் இது வெறும் செய்தி அல்ல. மார்ச்சில் கைக்கடிகாரத்தை மட்டும் நம்புகிறவர் பஸ்ஸை ஒரு மணி நேரம் தவறவிடுவார்.

போகிற நாளில்

கிளை ரயிலில் ஏறும்போது எந்தப் பெட்டி என்று பாருங்கள். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகும். சில நிலையங்களில் நடைமேடை குட்டையாக இருப்பதால் குறிப்பிட்ட பெட்டிகளின் கதவு மட்டும்தான் திறக்கும். அறிவிப்பு புரியாவிட்டால் நடத்துநரிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். சில நிலையங்களில் கேட்டால்தான் ரயிலே நிற்கும்.

வண்டி மாறும் நிலையத்தில் கழிவறை, தண்ணீர், சாப்பாடு மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலையத்தில் ஒரு கூரையும் ஒரு பெஞ்சும் மட்டுமே இருக்கலாம். பஸ் நிறுத்தத்தில் சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை முன்பே பார்த்திருக்க வேண்டும். பல இடங்களில் ஒரு பக்கத்தில்தான் கம்பம் இருக்கும், எதிர்த் திசைக்கு அதற்கு நேர் எதிரே நிற்க வேண்டும். பஸ்ஸைக் கண்டதும் கையைத் தெளிவாக நீட்டுங்கள். கை நீட்டாதவரை வேடிக்கை பார்க்கிறவர் என்று நினைத்து ஓட்டுநர் போய்விடுவார். ஏறும்போதே எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லி முன்வரிசையில் உட்காருங்கள்.

கடைசி ஒரு கிலோமீட்டர் நடை என்று அழைப்பிதழில் இருந்தால், பகல் வெளிச்சத்தில் வந்து சேருங்கள். நாட்டுப்புறச் சாலையில் நடைபாதையும் இருக்காது, விளக்கும் இருக்காது. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. வளைவில் மட்டும் ஓட்டுநர் கண்ணில் படும் பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். இருட்டிவிட்டால் நடக்காதீர்கள், அரங்கத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள். யாராவது வருவார்கள். சிற்றூரில் மாநாடு நடத்துகிறவர்கள் அதற்குத் தயாராகவே இருப்பார்கள்.

வந்து சேர்ந்ததும் பெட்டியை வைத்துவிட்டு முதலில் திரும்பும் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். நிறைவு நாளில் அரங்கில் இருக்கும் நூற்றைம்பது பேருக்கும் ஒரே ரயில்தான் வேண்டும், ஊரில் இருப்பதோ மூன்று டாக்ஸி. நிறைவு உரை நீண்டு போவதும் உறுதி. கதவருகே இருக்கை பிடித்து, பெட்டியை வரவேற்பு மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டு, பஸ் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே எழுந்து வந்துவிடுங்கள். பேச்சாளர் தவறாக நினைக்க மாட்டார். அவருக்கும் அந்த ரயில் தெரியும்.